தும்பியை விட்டுவிட்டு இலையைப் பிடிக்கிற கமரா. லென்ஸ் பழுதா?

தம்பலகாமத்தாள்:
மூன்று கிழமையாக விடிய எழும்பி வயலோரக் குளத்துக்குப் போகிறேன். கையில் 55-250 மிமீ ஸூம் லென்ஸ். பெரிய தும்பி ஓரளவு வருகிறது. ஊசித்தும்பி ஒன்றுகூடத் தெளிவில்லை. பின்னால் கிடக்கும் தாமரை இலை நரம்பு நரம்பாகத் தெரிகிறது, தும்பி மட்டும் புகை மாதிரி. கிட்டப் போகப் போக இன்னும் மோசம். சில நேரம் பொத்தானை அழுத்தினாலும் கமரா படமே எடுக்காது. கடையில் காட்டினேன், மக்ரோ லென்ஸ் (மிகக் கிட்டப் போய் எடுக்கிற லென்ஸ்) வாங்கச் சொல்கிறார்கள். விலையைக் கேட்டு வந்த காய்ச்சல் இன்னும் விடவில்லை.

உப்புவெளியான்:
தங்கச்சி, எவ்வளவு கிட்ட நிற்கிறீர்கள்?

தம்பலகாமத்தாள்:
ஒன்றரை அடி இருக்கும் அண்ணா. முழங்கால் தண்ணீருக்குள்.

உப்புவெளியான்:
அப்படியென்றால் லென்ஸில் பழுதில்லை. அதன் உடம்பில் 0.85 மீ என்றோ 1.1 மீ என்றோ எழுதியிருக்கும், பாருங்கள். அதைவிடக் கிட்டப் போனால் அதனால் குவிக்க முடியாது. அதுதான் கமரா அடம்பிடிக்கிறது, இல்லாவிட்டால் பின்னால் உள்ள இலையைப் பிடித்துக்கொள்கிறது. இந்தத் தூரம் லென்ஸ் நுனியிலிருந்து இல்லை, கமராவுக்குள் படம் பதியும் சென்சரிலிருந்து. மேல்பக்கம் குறுக்குக் கோடு போட்ட சின்ன வட்டம் இருக்கும், அங்கிருந்து அளக்க வேண்டும். பின்வாங்கி, லென்ஸை 250 வரை ஸூம் செய்து எடுங்கள். படத்தில் மிச்சத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஊசித்தும்பி நூல் மாதிரி, கமரா குவிக்கும் இடத்தைக் காட்டும் பெட்டியோ அதைவிடப் பெரிது. குவியப் புள்ளிகளில் நடுவில் உள்ள ஒன்றை மட்டும் வையுங்கள். அதுவும் சரிவராவிட்டால் கையால் குவித்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக் கண் தெளியும்போது அழுத்துங்கள். ஊசித்தும்பி பெரும்பாலும் சிறகை மடித்துத்தான் இருக்கும், அதனால் பக்கவாட்டில் நேராக நின்றால் தலையிலிருந்து வால்வரை ஒரே தெளிவு. பெரிய தும்பி சிறகை விரித்திருக்கும், அதை மேலிருந்து எடுங்கள்.

கிண்ணியாக்காரி:
தென்மேற்கிலிருந்து வீசும் இந்தக் கச்சான் காற்றில் பத்து மணிக்குப் பிறகு புல் நிற்காது. லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் வேகம் 1/800 செக்கனைவிட மெதுவாக வேண்டாம். ஒளி உணர்திறன் (ஐஎஸ்ஓ) 1600 ஆனாலும் போகட்டும். தும்பி பறந்துவிட்டால் துரத்தாதீர்கள், பெரும்பாலும் திரும்ப அதே குச்சிக்குத்தான் வரும். நிழல் மட்டும் அதன்மேல் விழக்கூடாது. அதுசரி, முழங்கால் தண்ணீரா? குளத்து முதலை கேள்விப்படவில்லையா? கரையில் நின்று எடுங்கள், பிள்ளை.

தம்பலகாமத்தாள்:
0.85 என்றுதான் இருக்கிறது! இன்று மூன்று அடி தள்ளிக் கரையில் குந்தினேன். ஊசித்தும்பியின் கண் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளி நிற்கும் இடைவெளிகூடத் தெரிகிறது. முப்பது படத்தில் நாலு தேறியது. தவளைக்கும் இதேதானா?

உப்புவெளியான்:
முப்பதில் நாலு நல்ல கணக்கு. தவளைக்கு ஐப்பசி மழை வரட்டும், இரவில் சத்தம் கேட்டே பிடிக்கலாம். நுளம்பு மருந்து பூசிய கையால் மட்டும் தவளையைத் தொடாதீர்கள், அதன் தோல் அதை உறிஞ்சிவிடும்.