பிசான நெல்லில் களை: ஆள் விட்டு எடுப்பதா, மருந்தா?

சேரன்மகாதேவி விவசாயி
அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், பிசானம் என்னும் மழைக்கால நெல் பருவத்துக்கு நடவு செய்யவிருக்கிறேன். இதுவரை இரண்டு முறை ஆள் விட்டுக் களையெடுத்து வந்தோம். இப்போது எல்லா வயலுக்கும் ஒரே வாரத்தில் களையெடுப்பு வருவதால், ஆள் கிடைப்பதற்குள் நெல் போலவே தெரியும் நெற்சக்களத்திப் புல் பயிரோடு பயிராக வளர்ந்துவிடுகிறது. களைக்கொல்லிக்கு மாறினால் செலவு மிச்சமாகுமா, மருந்துக்கும் ஆளுக்குமாக இரட்டைச் செலவாகுமா?

அம்பை வயல்காரன்
மருந்து விலையைக் கூலியோடு மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும். நட்ட மூன்றாம் அல்லது நான்காம் நாளில் ஏக்கருக்கு 600 மில்லி பிரெட்டிலாகுளோர் 50 ஈசி என்ற, களை முளைக்குமுன் போடும் மருந்தை மணலில் கலந்து தூவலாம். ஆனால் ஓரங்குலத் தண்ணீர் இரண்டு மூன்று நாள் வடியாமல் நிற்கும் வயலில்தான் அது வேலை செய்யும். மேடு தெரியும் இடத்தில் களை முளைத்துவிடும், மடை வழியே தண்ணீர் போனால் மருந்தும் கூடவே போய்விடும். ஆகவே தொளியடித்து (சேற்றுழவு செய்து), பரம்படித்து வயலைச் சமன் செய்யும் செலவையும் களைக் கணக்கிலேயே எழுதுங்கள். வயலைச் சமன் செய்யாதவருக்கு நீங்கள் அஞ்சும் இரட்டைச் செலவு நிச்சயம்.

இரண்டாம் களையெடுப்பு வேண்டுமா என்பதை நெல் விலையை வைத்துப் பாருங்கள். 2025-26ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை, சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். களையெடுக்க 4,800 ரூபாய் ஆகுமென்றால், அதனால் ஏறத்தாழ இரண்டு குவிண்டால் நெல் காப்பாற்றப்பட்டால்தான் போட்ட பணம் திரும்பும். நடவு நெல்லில் களை விளைச்சலைப் பெரிதும் பாதிப்பது முதல் நாற்பது நாள்களுக்குள்தான். அதற்குப் பின் எடுப்பது பெரும்பாலும் அடுத்த பூவுக்கு (போகத்துக்கு) களைவிதை விழாமல் தடுக்கவே உதவும்.

கல்லிடைக்குறிச்சி
முன்னவர் சொன்னது சரியே. முதல் மருந்து தவறினால், களை இரண்டு மூன்று இலை விட்டிருக்கும்போது பிஸ்பைரிபேக் சோடியம் 10 எஸ்சி ஏக்கருக்கு 100 மில்லி தெளிக்கலாம். தெளிக்குமுன் தண்ணீரை வடித்து, இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கட்ட வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் அதுதான் சிரமம். ஆண்டுதோறும் ஒரே மருந்தை அடிக்காதீர்கள். தப்பிய களையின் விதைதான் மறு ஆண்டு வயலை நிரப்பும்.

வீரவநல்லூர்
வரிசைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போகும் களைக்கருவியான கோனோவீடரை விட்டுவிட்டீர்களே! 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை நடவு செய்தால், பத்துப் பன்னிரண்டு நாளில் ஓட்டத் தொடங்கலாம். களையும் மண்ணோடு மடங்கி மக்கும். நடவுக் கூலி கூடும். தூருக்குள் நிற்கும் களையைக் கையால்தான் பிடுங்க வேண்டும். அக்கம்பக்கத்தார் நாலு பேர் சேர்ந்து ஒரு கருவி வாங்கினால் கட்டுபடியாகும்.

சேரன்மகாதேவி விவசாயி
நன்றி. மேட்டு வயலை வரிசை நடவுக்கும், தண்ணீர் நிற்கும் பள்ள வயலை மருந்துக்கும் ஒதுக்கலாமென்று இருக்கிறேன்.