விழுந்து முளைத்த பல் வேரோடு வந்துவிட்டால்?

பாலக்கோடு அம்மா:
பையனுக்கு எட்டு வயது. போன ஞாயிற்றுக்கிழமை சைக்கிளோடு விழுந்ததில் மேல் முன்பல் வேரோடு வந்துவிட்டது, வாயெல்லாம் ரத்தம், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மாமியார் காபித்தூள் வைத்து அழுத்தினார். நான் பல்லைக் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காகிதத்தில் மடித்து வைத்தேன். மறுநாள் தருமபுரியில் காட்டினால், நேற்றே வந்திருந்தால் அதே பல்லைப் பொருத்தியிருக்கலாம் என்கிறார் டாக்டர். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நம் பக்கம் பல் என்றாலே ஃபுளோரைடு தண்ணீர், பழுப்புக் கறை, அதைத்தான் பேசுவோம். மூன்று வயதுப் பெண்ணும் இருக்கிறாள், அவளுக்கு இப்படி ஆனால் என்ன செய்ய?

காவேரிப்பட்டணம்:
அக்கா, உங்கள் மேல் தப்பில்லை. என் மகளுக்குப் பள்ளியில் இதேதான் நடந்தது, டீச்சர் பல்லை டம்ளர் பாலில் போட்டுக் கொடுத்தார்கள். பொருத்திப் பக்கத்துப் பற்களோடு கம்பி கட்டினார்கள், இரண்டு வாரம் கஞ்சியும் ரசம் சாதமும்தான். அப்புறம் வேர் சிகிச்சை. பல் இன்னும் இருக்கிறது.

பல் மருத்துவர், கிருஷ்ணகிரி:
வேரைச் சுற்றி உயிருள்ள மெல்லிய சவ்வு இருக்கும். தேய்த்தால் அது உரிந்துவிடும், காய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் செத்துவிடும், வெறும் தண்ணீரில் ஊறப்போட்டாலும் கெடும். அதனால் பல்லை வெள்ளைப் பகுதியில் மட்டும் பிடியுங்கள், மண் இருந்தால் பாலில் லேசாக அலசி, குழியிலேயே திரும்ப வைத்து, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லிக் கூட்டி வாருங்கள். பயமாக இருந்தால் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்து வாருங்கள். காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) தேவையா என்றும் கேளுங்கள்.

உங்கள் மூன்று வயது மகளுக்கு இருப்பது பால் பல், அதைத் திரும்ப வைக்கவே கூடாது, உள்ளே வளரும் நிலைப்பல்லுக்கு அடிபடும். ஆனால் கட்டாயம் காட்டுங்கள். பையனுக்குத் தாடை வளர்ச்சி முடியும் வரை இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்க முடியாது. அதுவரை பக்கத்துப் பற்கள் சாயாமல் இருக்க, கழற்றி மாட்டும் பல் வைக்கலாம்.

பாலக்கோடு அம்மா:
நன்றி டாக்டர். பஸ்ஸுக்கு நின்றே எங்களுக்கு ஒரு மணி நேரம் போய்விடும், அதனால் இந்தப் பால் விஷயத்தை முதலில் அங்கன்வாடியிலும் பையன் பள்ளியிலும் சொல்லப்போகிறேன். அந்தப் பல் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது, கூரை மேல் எறிய மனம் வரவில்லை.