பெத்தித் தேர்: ஆமையின் பின்னால் போய் மாட்டிக்கொண்ட கதை

எனக்கு நீச்சல் அரைகுறை. புதுச்சேரிக் கடற்கரையில் வளர்ந்தும், முழங்காலுக்கு மேல் நனைந்து வந்தால் வீட்டில் திட்டு விழும். அப்படிப்பட்டவன் கரீபியன் கடலில் ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு இறங்கினேன் என்றால், காரணம் பத்து வயது மகள். "நீ வரலேன்னா நானும் போகல" என்று சொல்லிவிட்டாள்.

பாரிஸில் இருப்பவர்களுக்குக் கரீபியனில் இருக்கும் குவாதலூப் தீவுக்குப் போவது சுலபம். அதுவும் பிரான்ஸ்தான். ஓர்லி விமான நிலையத்தில் ஏறினால் எட்டரை மணி நேரம், செலவழிப்பதும் அதே யூரோ. தீவின் கிழக்கு முனையில் சேன் ஃப்ரான்சுவா என்ற ஊர். அங்கிருந்து காலையில் பெத்தித் தேர் தீவுகளுக்குப் படகு கிளம்பும். கட்டமரான். பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் இதில் அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உண்டு.

போகும் வழி சுகமில்லை, முன்பே சொல்லிவிடுகிறேன். அங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான். நம் மீனவர்கள் கொண்டல் என்பார்களே, அதே திசை. முனையைத் தாண்டியதும் படகு அந்தக் காற்றை எதிர்த்துத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. மனைவி கொண்டுவந்திருந்த இஞ்சி மரப்பா எங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த ஒரு பிரெஞ்சுத் தாத்தாவுக்கும் பயன்பட்டது.

இரண்டு சின்னத் தீவுகள், நடுவில் ஆழமில்லாத நீர். 1998 முதல் இது இயற்கைக் காப்பகம். ஒரு தீவில் கால் வைக்கவே கூடாது. இன்னொன்றில் 1840இல் கட்டிய கலங்கரை விளக்கமும், எங்கு பார்த்தாலும் இகுவானா என்ற பெரிய ஓணான்களும். நங்கூரம் போட்டால் கடற்புல் பிய்ந்துவிடும் என்பதால் படகுகளை மிதவைகளில்தான் கட்டுகிறார்கள்.

இறங்குவதற்கு முன் மாலுமி ஒருவர் சொன்னார்: அலை கிழக்கே பாறைத்திட்டைத் தாண்டி உள்ளே விழுகிறது, அந்தத் தண்ணீர் மேற்கே வாய்க்கால் மாதிரி ஓடி வெளியேறுகிறது. அதனால் கரையோடு கிழக்கே நடந்து போய் அங்கே இறங்குங்கள், தண்ணீரே உங்களைப் படகுக்குக் கொண்டுவந்துவிடும். எதிர்த்து நீந்தாதீர்கள். சரி என்று தலையாட்டினேன்.

முதல் பத்து நிமிடம் மீசையோடு போராட்டம். மீசை இருந்தால் மாஸ்க் உதட்டுக்கு மேல் சரியாக ஒட்டாது. உப்புத் தண்ணீர் கசிந்து மூக்குக்குள் போகும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். பிறகு பழகிவிட்டது. கரையோரம் கணுக்கால் தண்ணீரில் முழங்கை நீளத்துக்கு எலுமிச்சைச் சுறாக் குட்டிகள். மகள் கத்தினாள், அவை ஓடிவிட்டன.

அப்புறம் ஆமை. எனக்குக் கீழே இரண்டு ஆள் ஆழத்தில் பச்சை ஆமை ஒன்று மாடு மாதிரி புல் மேய்ந்துகொண்டிருந்தது. கடித்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பி, பிய்த்து, மென்று. ஓட்டில் ஓர் ஒட்டுமீன். திடீரென்று மேலே கிளம்பி என் முகத்துக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், தலையை வெளியே நீட்டி 'புஸ்' என்று மூச்சு விட்டது. வயதானவர் பெருமூச்சு விடுவது போலவே இருந்தது. தொடவில்லை. ஆனால் பின்னாலேயே போனேன், அதுதான் தப்பு.

தலையைத் தூக்கிப் பார்த்தால் எங்கள் படகு எனக்குக் கிழக்கே இருக்கிறது. நான் அதைத் தாண்டி வந்துவிட்டேன். எதிர்த்து நீந்தினேன், கீழே இருந்த அதே கல் அதே இடத்தில் இருந்தது. மூச்சு வாங்க, கடைசிப் படகின் நிழலைப் பார்த்துக் குறுக்கே போனால், அங்கே ஒரு ஷீலா மீன் அசையாமல் நிற்கிறது. ஒரு மீட்டர் இருக்கும். வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, பல் தெரிகிறது. மூச்சு விடத்தான் அப்படிச் செய்யுமாம், அது எனக்கு அப்போது தெரியுமா? படகின் ஏணியை ஒரே எட்டில் பிடித்துவிட்டேன். அங்கிருந்து என்னைச் சின்ன ரப்பர் படகில் கூட்டிவர வந்தவர் அதே மாலுமி. திட்டவில்லை. சிரித்தார். அது இன்னும் மோசம்.

சாப்பாட்டுக்குக் கோழி கொலொம்போ. மல்லி, மஞ்சள், கடுகு, வெந்தயம், சீரகம் அரைத்த பொடி. காரம் தனியே கிண்ணத்தில். "சாம்பார்ப் பொடி போட்டுக் கோழி வெச்ச மாதிரி இருக்கு" என்றாள் மனைவி, தமிழில். பரிமாறிக்கொண்டிருந்த மாலுமி நிமிர்ந்து, எந்த ஊர் என்று கேட்டார். புதுச்சேரி என்றேன். நெஞ்சில் கையை வைத்தார். அவருடைய பாட்டியின் பாட்டியும் அங்கிருந்து வந்தவராம். 1854 கிறிஸ்துமசுக்கு முதல் நாள் ஒரெலி என்ற கப்பலில் இந்தியத் தொழிலாளர்களின் முதல் கூட்டம் வந்தது. 1889க்குள் 40,000 பேருக்கு மேல் கரும்புத் தோட்டங்களுக்கு. தமிழ் அவருக்குத் தெரியாது. 'மலியெமேன்' என்ற சாமியைக் கும்பிடுவோம் என்றார். இரண்டு முறை சொல்லச் சொன்ன பிறகுதான் புரிந்தது: மாரியம்மன். மனைவி மீதி இஞ்சி மரப்பாவை அவரிடமே கொடுத்துவிட்டாள்.

சாப்பிட்டபின் தீவில் ஒரு சுற்று. சிவப்புப் பட்டை அடித்த மரத்தடியில் மட்டும் ஒதுங்காதீர்கள், மழைக்குக்கூட. அது மஞ்சினீல் மரம். அதன் பாலும், இலையிலிருந்து சொட்டும் நீரும் தோலைப் பொசுக்கும்.

திரும்பும்போது காற்று பின்னால், எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கவில்லை. சட்டை போட்டு வெயிலிலிருந்து முதுகைக் காப்பாற்றியவன் முழங்காலுக்குப் பின்புறத்தை மறந்துவிட்டேன். மூன்று நாள் உட்கார முடியவில்லை. அடுத்த முறை மீசையை எடுத்துவிட்டுத்தான் இறங்கணும் என்கிறாள் மகள். பார்க்கலாம்.