வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போக ஹைபிரிட் தேவையா?

தம்பி, நானும் மதுரையிலிருந்து வந்த புதிதில் இதையேதான் கேட்டேன். கொழும்பில் யாரைக் கேட்டாலும் "அக்வா எடுங்க, பிரியஸ் எடுங்க" என்பார்கள். இரண்டும் டொயோட்டாவின் ஹைபிரிட் கார்கள், பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியில் ஓடும் மோட்டாரும் இருக்கும். 2022-ல் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற ஊர் இது. அப்புறம் க்யூஆர் கோடு காட்டி வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று வாங்கினார்கள். அந்த பயம் இன்னும் போகவில்லை. (பங்க் எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள், ஷெட் என்று கேளுங்கள்.)

லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்பதை விடுங்கள், உங்களுக்கு எத்தனை லிட்டர் மிச்சமாகும் என்று பாருங்கள். போக வர 18 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். காலி வீதி (Galle Road) நெரிசலில் சாதா கார் லிட்டருக்கு 10 கொடுத்து, ஹைபிரிட் 20 கொடுத்தால்கூட மாதம் மிச்சம் 20 லிட்டர்தான். அதற்காகப் பழைய பேட்டரியைத் தலையில் கட்டிக்கொள்ள வேண்டுமா?

பழையது என்றது சும்மா இல்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் திறந்தது. அதனால் பத்து வயது தாண்டிய கார்கூட என்ன விலை சொல்கிறார்கள் தெரியுமா! நம்மூர் ரூபாயில் மாற்றிப் பார்த்தாலும் தலை சுற்றும். ஒரு நல்லது, ஊருக்குத் திரும்பும்போது விற்றால் பெரிய நஷ்டம் வராது.

நெரிசலுக்கு ஹைபிரிட் பொருத்தம்தான், மறுக்கவில்லை. பிரேக் பிடிக்கும்போது பேட்டரியில் சார்ஜ் ஏறும். சிக்னலில் எஞ்சின் அணைந்தாலும் அக்வா, பிரியஸில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் புழுக்கத்தில் அது பெரிய விஷயம். வேகன் ஆர் மேல் ஹைபிரிட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

நான் வாங்கிய பழைய காரில் ஒருநாள் கொள்ளுப்பிட்டியில் டாஷ்போர்டில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்தது. முதல் கராஜில் பேட்டரியையே மாற்றணும் என்றார்கள். அன்று இரவு தூக்கமில்லை. மறுநாள் இன்னொருவர் பின்சீட்டைக் கழற்றி, பேட்டரியைக் குளிரவைக்கும் ஃபேனில் அடைத்திருந்த தூசியை எடுத்தார். விளக்கு திரும்ப எரியவில்லை. வாங்குவதானால் அந்த ஃபேனையும் பேட்டரியையும் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கடலோரம் நின்ற கார் என்றால் அடியில் துரு இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

நம்மூர் லைசென்ஸை மட்டும் காட்டி இங்கே ஓட்ட முடியாது, அந்த வேலையை முதலில் முடியுங்கள். அதுவரை வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்குங்கள், மழை நாளில் பிக்மீ ஆப்பில் டாக்ஸி கூப்பிடுங்கள். குடும்பம் வந்து நீர்கொழும்புப் பக்கம் வீடு மாறினால் தூரம் கூடும், கணக்கே வேறு. அப்போது சொல்லுங்கள், அந்த இரண்டாவது கராஜ்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.