ஹேப்பின்னா மகிழ்ச்சியா, அதிர்ஷ்டமா?

சொல்வேட்டை:
அக்கா பையனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுத உட்கார்ந்தேன், 'ஹேப்பி'யிலேயே மாட்டிக்கொண்டேன். இதன் வேர் 'ஹேப்'. பழைய நார்ஸ் மொழியில் 'ஹப்' என்றால் அதிர்ஷ்டம். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'ஹேப்பி' என்றால் கொடுத்துவைத்தவன் என்றுதான் பொருள். ஹேப்பன், பெர்ஹேப்ஸ், மிஸ்ஹேப் எல்லாம் பங்காளிகள். மகிழ்ச்சி என்று மொழிபெயர்ப்பதே தப்பு என்பேன்.

தெற்குத்தெரு:
வேரைத் தோண்டியா பொருள் சொல்றது? உங்களை யாராவது 'சில்லி'ன்னா சந்தோஷப்படுவீங்களா? பழைய ஆங்கிலத்துல அது பேறு பெற்றவனைக் குறிச்ச சொல். அப்புறம் அப்பாவி, அப்புறம் பாவப்பட்டவன், இப்போ அசடு. அதோட ஜெர்மன் உடன்பிறப்பு 'சேலிக்' மட்டும் இன்னும் பேரின்பத்துலயே இருக்கு.

சொல்வேட்டை:
சில்லி அடியோடு மாறிவிட்டது, சரி. ஹேப்பி மாறவில்லையே! 'ஹேப்பி ஆக்சிடெண்ட்' என்கிறார்களே, விபத்தா சிரிக்கிறது? 1611 ஜேம்ஸ் அரசர் பைபிளில் சங்கீதம் 127 பாருங்கள். பிள்ளைகளால் அம்பறாத்தூணியை நிரப்பினவன் 'ஹேப்பி'. நம் தமிழ் வேதாகமத்தில் அதே இடத்தில் 'பாக்கியவான்'.

ஓலைச்சுவடி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அங்கே மூலச்சொல் எபிரேய 'அஷ்ரே'. ஆங்கிலம், தமிழ் இரண்டுமே அதற்கான மொழிபெயர்ப்புகள். ஒன்றை வைத்து இன்னொன்றுக்குப் பொருள் சொல்ல முடியாது. தவிர, முதல் சங்கீதத்தில் வரும் அதே 'அஷ்ரே'யை அதே 1611 பதிப்பு 'பிளெஸ்ஸட்' என்கிறது.

சொல்வேட்டை:
அப்படியானால் அன்றைக்கு ஹேப்பியும் பிளெஸ்ஸடும் ஒன்றுக்கொன்று ஈடு. என் பக்கம்தானே பேசுகிறீர்கள் ஐயா!

ஓலைச்சுவடி:
அன்றைக்கு, ஆமாம். வாழ்த்து எழுதுவது இன்றைக்கு.

பாரிமுனை:
பிரெஞ்சுல மகிழ்ச்சிக்கு 'பொனர்'னு பேரு, அதைப் பிரிச்சா நல்ல நேரம்னு அர்த்தம். எல்லா ஊர்லயும் இதே கதைதான் போல.

ஓலைச்சுவடி:
இல்லை. அதில் உள்ள 'அர்' மணியைக் குறிக்கும் சொல் அல்ல. சகுனம் என்று பொருள்படும் லத்தீன் 'அவ்குரியும்' தந்தது. ஒலி ஒத்துப்போவதால் வரும் மயக்கம்.

சொல்வேட்டை:
பார்த்தீர்களா, அங்கேயும் சகுனம்! ஜெர்மன் 'க்ளூக்' இன்றுவரை அதிர்ஷ்டம், மகிழ்ச்சி இரண்டுக்கும் ஒரே சொல்.

தெற்குத்தெரு:
லாட்டரி விழுந்தவனுக்கு எது, கல்யாணமானவனுக்கு எதுன்னு ஜெர்மன்காரனுக்குக் குழப்பமே வர்றதில்லை. ஏன்னா அவன் வேரைப் பார்க்கல, பக்கத்து வார்த்தையைப் பார்க்கறான். அது கிடக்கட்டும், பையனுக்குக் கடைசில என்ன எழுதினீங்க?

சொல்வேட்டை:
'இனிய' என்று போட்டு அனுப்பிவிட்டேன்.