மறு: நெபாரி – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தொட்டியில் சிறிதாகவே வைத்து வளர்க்கும் போன்சாய் மரங்களின் வெளித்தெரியும் வேரமைப்பான நெபாரிக்குத் தமிழ்ச்சொல் கேட்டு எழுதிய என் மடலுக்கு இத்தனை பேர் அக்கறையோடு மறுமொழி எழுதியதற்கு மிக்க நன்றி. வந்த சொற்களையெல்லாம் கோவையில் எங்கள் போன்சாய்க் குழு கூடும் மாதக் கூட்டத்துக்கு எடுத்துப்போனேன். ஏட்டில் வைத்துப் பேசாமல், தொட்டி மாற்றும் மேசையிலேயே ஒவ்வொரு சொல்லையும் வாயில் போட்டுப் பார்த்தோம். அங்கே எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பொருளை மட்டும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பழகியவர்கள் ஒரு போன்சாயைப் பார்க்கும்போது இலையை முதலில் பார்ப்பதில்லை, அடியைத்தான் பார்ப்பார்கள். அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் வேர்கள் வெளியே தெரிய வேண்டும். எல்லாப் பக்கமும் பரந்து, மண்ணை இறுகப் பற்றி, போகப்போக மெலிந்து மண்ணுக்குள் மறைய வேண்டும். அப்படி அமைந்துவிட்டால் ஒரு சாண் உயர மரத்துக்கும் முதுமரத்தின் தோரணை வந்துவிடும். அமையாவிட்டால், மேலே எவ்வளவு அழகாகக் கிளை கட்டினாலும் குச்சியை நட்டு வைத்ததுபோலத்தான் இருக்கும். இதைத்தான் ஜப்பானியர் நெபாரி என்கிறார்கள். 'நெ' என்றால் வேர். 'ஹாரு' என்றால் பரப்புதல், விரித்தல். இரண்டும் சேரும்போது ஹகரம் பகரமாக ஒலிக்கிறது. அந்த ஊர்த் தோட்டக்காரர் யாருக்கும் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்த் தோட்டக்காரருக்கும் அப்படி விளக்கம் வேண்டாத ஒரு சொல் கிடைக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

இது வெறும் சொல்லாசை இல்லை. எங்கள் குழுவில் இப்போது ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், மொட்டைமாடியில் அடேனியமும் காகிதப்பூவும் வளர்க்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். பயிற்சிக்குக் கொடுக்கும் தாள் ஆங்கிலத்தில் இருந்தால் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்களே தவிர, மரத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்து வேலை செய்வதில்லை. தமிழ்த் தாள் அணியமாகிக்கொண்டிருக்கிறது. அதில் முதல் பக்கத்திலேயே இந்தச் சொல் வருகிறது.

இனி, வந்த சொற்கள்.

> மரத்தின் "தூர்" என்று ஊரில் சொல்கிறோமே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, எனக்கும் முதலில் தோன்றிய சொல் இதுதான். ஆனால் நெல் பயிரிடுபவர்களிடம் தூர் என்றால் அடியிலிருந்து வெடித்துக் கிளம்பும் பக்கத் தண்டு. "பயிர் தூர் கட்டுது" என்பது அவர்கள் அன்றாடம் பேசுவது. வேளாண் பல்கலைக்கழக வெளியீடுகளிலும் தூர் கட்டும் பருவம் என்றே வருகிறது. எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு வயல் தொடர்பு உண்டு. தூர் நன்றாக இருக்கிறது என்றால், அடியில் நிறையக் குருத்து வெடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். போன்சாயில் அடிக்குருத்து பெரும்பாலும் கிள்ளி எறிய வேண்டியது. நாம் காக்க வேண்டியதன் பெயரும் கிள்ள வேண்டியதன் பெயரும் ஒன்றாக இருக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. தாவரத்தின் அடிப்பகுதிக்குத் தமிழில் உள்ள சொற்களை மொழியறிஞர் தேவநேயப் பாவாணர் வகைப்படுத்திக் காட்டியிருப்பதைப் பலரும் அறிவீர்கள். நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, புதருக்குத் தூறு, புளிக்கும் வேம்புக்கும் அடி. அந்தப் பகுப்பை நான் மதிக்கிறேன். மரத்துக்கு உரியது அடி. ஆனால் அடி என்பது மரத்தின் கீழ்ப்பகுதி முழுவதையும் குறிக்கும். நாம் தேடுவது அந்த அடியிலிருந்து வேர் பரந்து நிற்கும் கோலத்துக்கான பெயர்.

> எங்கள் நாகர்கோவில் பக்கம் "மூடு" என்போம். தென்னை மூட்டில் தண்ணீர் விடு, பத்து மூடு மரச்சீனி (மரவள்ளி) என்றெல்லாம் வரும்.

அம்மா, இந்தச் சொல்லைப் படித்ததும் மனம் நிறைந்தது. அடிமரமும் வேரும் மண்ணும் சேர்ந்த இடத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறொரு சொல் எனக்குத் தெரியவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் தாள் அச்சிடுவதாக இருந்தால் வேறெதையும் தேடமாட்டேன். ஆனால் கோவையில் "மூட்டைப் பாருங்கள்" என்றதும் ஒருவர் முழங்காலைப் பார்த்தார், இன்னொருவர் தொட்டியை எதனால் மூட வேண்டும் என்று கேட்டார். வட்டார வழக்காக அடைப்பில் கட்டாயம் சேர்ப்போம்.

> "வேரடி" பொருத்தமாக இருக்கும்.

ஓசை நன்றாக இருக்கிறது. இருந்தாலும் "வேரடி மண்ணோடு" என்று தொடங்கும் எந்த வாக்கியமும் தமிழில் அழிவில்தான் முடிகிறது. பொருளிலும் இடர் இருக்கிறது: வேரடி என்றால் வேருக்குக் கீழே. நமக்கு வேண்டியது மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிவது.

"வேர்க்கால்" தலைமுடிக்கு நிலைத்துவிட்டது, அதைத் திரும்ப வாங்க முடியாது. "மேல்வேர்" என்பது இடத்தைச் சொல்கிறது, அழகைச் சொல்லவில்லை. பாசனம் சரியில்லாமல் மேலே கிளம்பிய ஒற்றை வேரும் மேல்வேர்தானே.

இப்போது மேசையில் நடந்ததற்கு வருகிறேன். அன்று தொட்டி மாற்றியது ஓர் ஆலங்கன்று. பழைய வீடு ஒன்றை இடிக்கும்போது சன்ஷேடு விரிசலிலிருந்து எடுத்து வந்தது. நம் ஊரில் ஆலும் அரசும் இச்சியும் இப்படிச் சுவரிலும் பாழுங்கிணற்றுக் கல்லிடுக்கிலும்தான் போன்சாய்க்காரர்களுக்குக் கிடைக்கின்றன. காட்டில் போய்த் தோண்டி எடுப்பதை எங்கள் குழு ஏற்பதில்லை. காப்புக்காட்டில் அது குற்றமும்கூட.

கெட்டிப்பட்ட மண்ணை மூங்கில் குச்சியால் அடிமரத்திலிருந்து வெளிப்பக்கமாக வாரி வாரி உதிர்த்தோம். ஆணிவேரைக் கூரான ரம்பத்தால் மட்டமாக அறுத்தபோது பால் பொங்கி வந்தது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்த பிறகே வெட்டுவாய் தெரிந்தது. நேர் கீழே இறங்கும் வேர் எதையும் விடவில்லை. பக்கவாட்டில் போனவற்றை மட்டும் வைத்துக்கொண்டோம். அவற்றிலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததை அறுத்து, அளவுக்கு மீறிப் பருத்திருந்த ஒரு வேரைக் குட்டையாக நறுக்கினோம். அப்போதுதான் மற்ற வேர்கள் அதற்கு ஈடாகப் பருக்கும். பிறகு உடைந்த மங்களூர் ஓட்டுத் துண்டு ஒன்றில் துளை போட்டு, அதன்மேல் அடிமரத்தை உட்கார வைத்துக் கம்பியால் கட்டினோம். கீழே ஓடு தடுப்பதால் வேருக்குப் பக்கவாட்டில் போவதைத் தவிர வழியில்லை. சலித்த செங்கல் ஜல்லியும் செம்மண்ணும் கலந்த கலவையை வேரிடுக்கில் தூவிக்கொண்டே, ஒவ்வொரு வேரையும் குச்சி நுனியால் நகர்த்தி அதனதன் திசைக்குக் கொண்டுபோனோம்.

இதைச் செய்துகொண்டிருந்த பெண்ணிடம் எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "அவசரம் வேண்டாங் கண்ணு. வேரை நல்லா விரிச்சு உடு. விரிஞ்சு நின்னாத்தான் மரம்."

அவருக்கு நெபாரி என்ற சொல்லே பழக்கமில்லை. ஆனால் ஜப்பானியச் சொல்லின் இரண்டு பாதியும் அவர் வாயில் அப்படியே வந்துவிட்டன. வேர், விரிப்பு. எனவே என் முன்மொழிவு: வேர்விரிவு.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது, அதற்குள் வேலையும் இருக்கிறது, விளைவும் இருக்கிறது என்பது. தொட்டி மாற்றும் அன்று நாம் செய்வது வேர் விரித்தல். ஆண்டுகள் போய் மரம் காட்டுவது வேர்விரிவு. "வேர் விரியவில்லை" என்றால் குறை என்ன என்று யாருக்கும் தெரியும். "ஒருபக்க வேர்விரிவு" என்றால் சாய்ந்த மரத்துக்கு ஏற்றது, "வட்ட வேர்விரிவு" என்றால் நிமிர்ந்த மரத்துக்கு ஏற்றது என்று வகைப்படுத்தலாம். ஆல், அரசு, இச்சி முதலிய அத்திக் குடும்ப மரங்களில் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் வேர்கள் நாளாவட்டத்தில் ஒட்டி ஒரே தட்டாகிவிடும். அதற்கு "ஒட்டிய வேர்விரிவு" என்று எழுதியிருக்கிறேன். ஒரு பக்கம் வேரே இல்லாத மரத்தில் அதே இனத்து நாற்றை அடியில் ஒட்டுக்கட்டி வேர் சேர்ப்பார்கள் அல்லவா, அதற்கு "வேர் சேர்ப்பு" போதும். அடி முழுக்கவே தேறாத மரத்துக்கு, மேலே பட்டையை வளையமாக எடுத்து விண்பதியம் போட்டுப் புது வேர்விரிவு பெறலாம். விண்பதியம் தோட்டக்கலையில் ஏற்கெனவே நிலைத்த சொல், அதைத் தொடவில்லை.

ஒரு நண்பர் தனிமடலில் எழுப்பிய ஐயம்: மண்ணுக்குள் வேர் எவ்வளவு தூரம் போகிறது என்பதோடு இது குழம்பாதா? அதற்கு வேளாண் துறையில் வேர்ப் பரவல், வேர் மண்டலம் என்ற சொற்கள் புழங்குகின்றன. பரவல் மண்ணுக்குள், விரிவு கண்ணுக்கு. குழப்பம் வராது என்று நினைக்கிறேன். அடேனியம் வளர்ப்பவர்கள் கேட்டதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. அதன் பருத்த அடியை "அடிப்பருமன்" என்போம். அந்தப் பருமனிலிருந்து கிளம்பிப் பக்கவாட்டில் போகும் வேர்களின் அமைப்புக்கு வேர்விரிவு.

> நெபாரிக்கு முன்னால் போன்சாயையே தமிழாக்க வேண்டாமா? குறுமரம் என்று.

இதில் எனக்கு உடன்பாடில்லை. குறுமரம் என்றதும், குட்டை ரகத் தென்னைபோலப் பிறவியிலேயே குள்ளமான ஓர் இனம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. புதிதாக வருபவர்கள் பலர் "போன்சாய் விதை எங்கே கிடைக்கும்" என்று கேட்பதே அந்த எண்ணத்தால்தான். அப்படி ஒரு விதை கிடையாது. தொட்டியில் ஒரு முழம் நிற்கும் அதே ஆலைத் தரையில் நட்டால் தெருவையே அடைத்து வளரும். கிள்ளலும் வேர் வெட்டும் ஆழமில்லாத தொட்டியும்தான் அதைச் சிறியதாக வைத்திருக்கின்றன. ஜப்பானியச் சொல்லிலும் குறுமை என்ற பொருளே இல்லை. தட்டத்தில் நட்டது என்பதுதான் பொருள். அந்தச் சொல்லும் சீனத்திலிருந்து போனதே. சீனர்கள் தட்டத்தில் மரத்தோடு பாறையும் நீரும் வைத்து ஒரு நிலக்காட்சியையே அமைப்பதைப் பென்ஜிங் என்கிறார்கள். கலையின் பெயர் அது பிறந்த ஊரைச் சொல்லிக்கொண்டிருக்கட்டும். மேசையில் கை செய்யும் வேலைகளுக்கும் கண் பார்க்கும் உறுப்புகளுக்கும்தான் தமிழ் உடனே தேவைப்படுகிறது.

அப்படித் தேவைப்படுவதில் அடுத்தது கிளைப்பு. நுனியைக் கிள்ளக் கிள்ள ஒரு கிளை இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிரிந்து மெலிந்துகொண்டே போகிறதே, அந்தப் படிநிலைகளைச் சொல்ல ஆங்கிலத்தில் முதல்நிலைக் கிளை, இரண்டாம் நிலைக் கிளை என்று எண்ணிக்கொண்டு போகிறார்கள். நமக்கு எண்ணவே வேண்டாம். பாவாணர் தொகுத்ததில் கவை, கொப்பு, கிளை, சினை, போத்து, குச்சு, இணுக்கு என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப்பெயர் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் வந்துவிட்டதால் பிள்ளைகளுக்கும் தெரியும். தேர்வுக்குப் படித்து மறந்துபோகும் இந்தச் சொற்களுக்கு உண்மையான வேலை கொடுக்கக்கூடிய இடம் போன்சாய் மேசை. "இந்த மரம் சினை வரைக்கும் வந்திருக்கிறது, இன்னும் போத்து கட்டவில்லை" என்று சொன்னால் மரத்தின் நிலை ஒரே வரியில் விளங்கிவிடும். "இணுக்கு வரை இறங்கிய மரம்" என்றால் காட்சிக்கு வைக்கத் தக்க மரம். இதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். ஏழு படியும் வேண்டுமா, ஒரு முழ மரத்துக்கு நான்கு போதுமா என்பதை அங்கே பேசலாம்.

வேர்விரிவுக்கு மறுப்பு இருப்பவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதினால் நல்லது. அடுத்த கூட்டத்துக்கு முன் தாள் அச்சுக்குப் போக வேண்டும். மறுப்பு எழுதும்போது உங்கள் சொல்லை ஓர் ஏவல் வாக்கியத்திலும் போட்டுக் காட்டுங்கள். மேசையில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதுபோல இருக்க வேண்டும். இசைவு கிடைத்தால் தமிழக அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கும் அனுப்பிவிடலாம்.

அதே தாளில் இன்னும் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. கிளையைச் சாகவிட்டுப் பட்டை உரித்து வெள்ளை மரமாக நிறுத்துவது ஜின். அடிமரத்தில் ஒரு பக்கப் பட்டையை நீளவாக்கில் உரித்து உள்மரத்தைக் காட்டுவது ஷாரி. பட்டமரம் என்ற வழக்கை ஒட்டி ஜின்னுக்குப் "பட்டகொப்பு" என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆலில் இது நிலைக்காது, மென்மரம் மழையில் இற்றுவிடும். ஆனாலும் ஜூனிபர் என்னும் ஊசியிலை மரம் வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். ஷாரிக்கு என்ன சொல்லலாம்? மரவேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், ஒருபக்கம் பட்டை போய் உள்மரம் தெரிய நிற்கும் உயிர்மரத்தை ஆசாரிமார் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து