டாக்டர் சொன்ன பனியனும் எங்க ஊர் பனியனும்

திருப்பூர் அப்பா:
"பையனுக்கு பனியன் முத்திப்போச்சு, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று கோவையில் எலும்பு டாக்டர் சொன்னபோது, பனியன் கம்பெனியில் 18 வருஷமாகக் கட்டிங் மாஸ்டராக இருக்கும் நான் திருதிருவென்று முழித்தேன். கால் பெருவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து, அதன் அடிமூட்டு உள்பக்கமாகப் புடைத்துக்கொண்டு நிற்பதற்கு இங்கிலீஷில் அந்தப் பெயராம் (bunion).

மகனுக்கு 15 வயது. குறைமாதத்தில் பிறந்தவன். மூளை முடக்குவாதம், இரண்டு காலிலும் இறுக்கம், வாக்கர் பிடித்து நடப்பான். பாதத்தைத் தாங்கிப் பிடிக்கக் காலில் மாட்டும் ஸ்பிளின்ட் அந்தப் புடைப்பிலேயே உரசும். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவனுக்கு சாக்ஸ் புண்ணோடு ஒட்டிக்கொண்டு கழலவே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்து நூல் நூலாக எடுத்தோம். "அழுகாத சாமி" என்று சொல்லிக்கொண்டே அழுதது அவன் அம்முச்சிதான்.

11 வயதில் வேறொரு இடத்தில் புடைப்பைச் செதுக்கி, இறுகிய தசைநாரைத் தளர்த்திவிட்டிருந்தார்கள். ஒன்றரை வருஷத்தில் விரல் பழையபடி சாய்ந்துவிட்டது. பயிற்சி சரியாகக் கொடுக்கவில்லையென்று வீட்டுக்காரியிடம் நான் சண்டை போட்டது தனிக்கதை.

இந்த டாக்டர் அவனை நடக்கவிட்டுக் காட்டினார். கெண்டைக்கால் இறுக்கம், பாதம் தட்டை, முன்பாதம் வெளியே திரும்பியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு அடியிலும் உடம்பு எடை பெருவிரலின் உள்விளிம்பில் விழுந்து, விரலை மற்ற விரல்கள் பக்கம் தள்ளுகிறது. இறுக்கம் மூளையிலிருந்து வருவது, அது நிற்காது. மூட்டைத் தளர்த்தி மட்டும் விட்டால் மறுபடி சாயத்தான் செய்யும். அதனால் மூட்டின் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, எலும்போடு எலும்பு சேர பிளேட், ஸ்க்ரூ வைப்பார்கள். தட்டைப் பாதத்தையும் அதே நாளில் சரிசெய்வார்கள்.

"மூட்டே மடங்கலீன்னா எப்புடீங்க நடப்பான்?" என்று கேட்டாள் வீட்டுக்காரி. இப்போதும் அது மடங்கவில்லையே என்றார் டாக்டர். விரலைச் சற்று மேல்நோக்கி ஒட்டவைப்பதால் அடி உருண்டு போகுமாம்.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டு பிரித்த அன்று பார்த்தால் கால் முருங்கைக்காய் மாதிரி மெலிந்திருந்தது. பழையபடி வாக்கரில் நிற்கவே இரண்டு மாதம் ஆனது. இந்தத் தொய்வை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இப்போது ஸ்பிளின்ட்டோடு முழு நாள் பள்ளியில் இருக்கிறான், புண் இல்லை.

கோபிசெட்டிபாளையம் அம்மா:
என் பொண்ணு நடக்கவே மாட்டாள், வீல்சேர்தான். "நடக்காத புள்ளைக்கு எதுக்கு அம்மிணி இந்தச் செலவு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். விரல் மேல் விரல் ஏறி, இடுக்கில் எப்போதும் ஈரம், வாடை, சேற்றுப்புண். போர்வை பட்டாலே கத்துவாள். அவளுக்கும் மூட்டை ஒட்டவைத்தார்கள். இப்போது விரலிடுக்கைத் துடைக்க முடிகிறது, அது போதும் எனக்கு. ஒன்று மட்டும் சொல்கிறேன். முதல் பத்து ராத்திரி கட்டுக்குள் கால் வெட்டி வெட்டி இழுத்தது. வலி மருந்தில் மட்டும் அது அடங்கவில்லை. இந்தத் தசை இழுப்புக்கு என்ன தருவீர்கள் என்று டாக்டரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காங்கேயம்:
பையனுக்கு 8 வயசுங்க. இப்பவே பண்ணிடலாமா?

திருப்பூர் அப்பா:
டாக்டர்தாங்க சொல்லணும். எங்களிடம் சொன்னது இது: பெருவிரல் எலும்பு வளரும் இடம் அந்த மூட்டை ஒட்டியே இருக்கிறது, அதனால் வலியும் புண்ணும் பொறுக்கும்படி இருந்தால் வளர்த்தி ஓரளவு முடியட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். அதுவரை முன்பக்கம் அகலமான ஷூ வாங்குங்கள். ஸ்பிளின்ட்டில் உரசும் இடத்தைச் சூடுகாட்டிப் பிதுக்கித் தருவார்கள், எங்களுக்கு அதிலேயே நாலு மாதம் ஓடியது. செய்து கொடுத்தவரிடமே கொண்டு போங்க. நான் கம்பெனி அயர்ன் பாக்ஸை வைத்துப் பார்த்து ஒன்றைக் கோணலாக்கிவிட்டேன்.